ரங்கநாதனும் ரோல்ஸ் தட்டும்

எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம் ட்ரிப் கிளம்பினால், வேனில் சட்டி ஏறிய பிறகுதான் ஆள் ஏறும். சாய்ந்தமருதிலும் அப்படித்தான், மருதமுனையிலும் அப்படித்தான், கல்முனைக்குடியைச் சொல்லவே வேண்டாம். இறைச்சிப் பொரியல் ஒரு சட்டி, அவித்த முட்டை ஒரு பை, ரொட்டி ஒரு கட்டு, சுடுதண்ணிப் போத்தல் இரண்டு. இஷாத் தொழுதுவிட்டுப் புறப்பட்டால் கல்லடிப் பாலம் தாண்டும்போது பாதி முடிந்திருக்கும். மன்னம்பிட்டியில் மீதி. அதற்குப் பிறகு வவுனியா வரைக்கும் வேனுக்குள் ஒரே கேள்விதான்: "மறுகா எங்க நிப்பாட்டிச் சாப்பிடுற?"

இந்த முறை நாங்கள் போனது யாழ்ப்பாணத்துக்கு. ஏற்பாடு மாமாவுடையது. மாமா என்றால் என் மனைவியின் வாப்பா, பென்ஷன் எடுத்த தமிழ் மாஸ்டர். பேரப்பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணப் பொது நூலகத்தைக் காட்டிவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்று ஒரே பிடி. நூலகம் என்றதும் வீட்டில் ஒருவரும் அசையவில்லை. நல்லூரில் ரியோ ஐஸ்கிரீம் இருக்கிறது என்று என் மச்சான் ஒரு வார்த்தை விட்டான். அடுத்த நாளே வேன் பேசியாகிவிட்டது.

ஆனையிறவில் விடிந்தது. மாமா வேனுக்குள்ளேயே பாடத்தைத் தொடங்கிவிட்டார். 1933இல் செல்லப்பா என்றொரு மனிதர் தன் வீட்டில் வைத்துப் புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கியதுதான் இந்த நூலகத்தின் வித்து. அடுத்த வருடம் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறை. அங்கே இருந்தவை 844 நூல்கள். "அப்ப அங்க சாப்பாட்டுக் கடை இருந்திச்சா மாமா?" என்று மச்சான் கேட்டான். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாஸ்டர்மார் கண்ணாடியைத் துடைத்தால் எதிரில் இருப்பவன் தப்பிவிட்டான் என்று அர்த்தம்.

காலைச் சாப்பாடு பெரிய கடையில், மலாயன் கபேயில். சுத்த சைவம். மாமி இலைக்கு முன்னால் இருந்து, "இறைச்சி மீன் இல்லாம எப்பிடிக்கா கடை நடத்துற?" என்று என் மனைவியின் காதுக்குள் கேட்டபடியே தோசைமேல் தோசையாக முடித்தார். கேள்விக்குப் பதில் இலையிலேயே இருந்தது.

நூலகத்தின் முன்னால் வேன் நின்றபோது எல்லோரும் ஒரு கணம் பேசாமல் இருந்தார்கள். எங்கள் வீட்டு ஆட்களுக்கு அது பெரிய விஷயம். வெள்ளை வெளேரென்ற கட்டடம், நடுவில் குவிமாடம், முன்னால் சரஸ்வதி சிலை. உடனே போட்டோ தொடங்கியது. குவிமாடம் விழுந்தால் மச்சானின் தலை விழவில்லை, மச்சானின் தலை விழுந்தால் குவிமாடம் விழவில்லை.

உள்ளே போகச் செருப்பைக் கழற்ற வேண்டும். மாமியின் செருப்பு பெருநாளைக்கு வாங்கியது. "நீங்க போய்ப் பாத்திட்டு வாங்க, நான் இதுல நிக்கன்" என்று வாசலிலேயே நின்றுகொண்டார். பிறகு என் மகள் கையைப் பிடித்து இழுத்ததில் வாசிப்பு மண்டபம் வரை வந்து, அடுக்குகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "இவ்வளவு புத்தகத்தையும் தூசி தட்டுற ஆரு?" நூலகவியல் படித்தவர்கள் இதைவிடக் கூர்மையாகக் கேட்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

மாமாவுக்கு அங்கே ஒரு பெரிய கஷ்டம். வாழ்நாளெல்லாம் கடைசி வாங்குக்குக் கேட்கும்படி படிப்பித்த குரல். மண்டபத்திலோ உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் இருக்கிறார்கள். ஆகவே எங்களை ஒரு மூலைக்கு ஒதுக்கி, கிசுகிசுத்து விளக்கினார். இந்த நூலகத்தைக் கட்டும்போது இந்தியாவிலிருந்து ஆலோசனை சொன்னவர் எஸ். ஆர். ரங்கநாதன். சீர்காழிக்காரர். கணக்கு வாத்தியாராக இருந்து நூலகராகி, 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதியவர். நூல் பயன்படத்தான் இருக்கிறது. ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்கான நூல் உண்டு. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகன் உண்டு. வாசகனின் நேரத்தை வீணாக்காதே. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். மாமா ஐந்தாவது விதிக்கு வந்தபோது மச்சான் மின்விசிறிக்குக் கீழே ஒரு கதிரையைக் கண்டுபிடித்து அரைக்கண் மூடியிருந்தான்.

வெளியே வந்தபோதுதான் மாமாவின் குரல் திரும்பி வந்தது. 1959 ஒக்டோபரில் திறந்த கட்டடம், 1981 மே மாதம் கடைசி நாள் இரவில் எரிக்கப்பட்டதையும், 97,000 நூல்கள் சாம்பலானதையும் பிள்ளைகளுக்குச் சொன்னார். வாசலில் நின்ற கம்பஸ் பொடியன்கள் சிலரும் காதுகொடுத்தார்கள். "இதைப் பற்றி எழுதினதுதான் 'புத்தரின் படுகொலை'. கேள்விப்பட்டிரிக்கிறீங்களா தம்பி?" அவர்களில் ஒருவனுக்கு அந்தக் கவிதை மனப்பாடம். "நுஃமான் சேர் எழுதினது. அவர் யாழ்ப்பாணம்தானே ஐயா?"

மாமா அரை அடி உயர்ந்தார். "கல்முனைக்குடி, தம்பி! கல்முனைக்குடி! அந்த நாளையில இங்க கம்பஸில படிப்பிச்சவர். ஆள் நம்மட ஊர்." "அப்பிடியே ஐயா? தெரியாது." அதோடு விட்டிருக்கலாம். மாமா விடவில்லை. 'யாழ் நூல்' எழுதிய விபுலானந்த அடிகள் சாய்ந்தமருதுக்கு அடுத்த காரைதீவு என்று இரண்டாம் பாடத்தைத் தொடங்கினார். அன்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு நேரமாகிறது என்று சொல்லித்தான் அவரை வேனில் ஏற்ற முடிந்தது. கிழக்கு மாகாணம் முழுவதையும் யாழ்ப்பாணத்தில் இறக்கிவிடுவாரோ என்று பயந்துபோனோம்.

வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணம் போகிறவர்கள் கவனிக்க: அன்று பல வீடுகளில் சைவம், பல கடைகளிலும் சைவம். மச்சான் யூடியூபில் பார்த்த யாழ்ப்பாணத்து நண்டுக் கறிக் கனவோடு வந்தவன். நண்டு ஆகுமா ஆகாதா என்று பின்சீட்டில் ஒரு மஸ்அலா தொடங்கி, ஆகும் என்போரும் ஆகாது என்போரும் சமபலத்தில் நின்று, கடைசியில் நண்டே கிடைக்காததால் பிரச்சினை தானாகத் தீர்ந்தது. இப்படித் தீர்ந்த மார்க்கப் பிரச்சினைகள் குறைவு.

ஐந்து சந்திப் பக்கம் ஒரு முஸ்லிம் கடையில் பகல் சோறு. 1990 ஒக்டோபரில் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட சனங்களின் இடம் அது. திரும்பி வந்தவர்கள் கொஞ்சப் பேர். மாமா அங்கே பாடம் எதுவும் எடுக்கவில்லை. மாட்டிறைச்சிக் கறி, பருப்பு, கீரைச் சுண்டல். சோறும் மரக்கறியும் கேட்கக் கேட்க வரும், இறைச்சி ஒருமுறைதான்.

ரியோவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிள்ளைகள் தின்றார்கள், சட்டையும் தின்றது.

விஷயம் நடந்தது பின்நேரம், ஒரு தேத்தண்ணிக் கடையில். நாங்கள் கேட்காமலே பையன் ஒரு பெரிய தட்டைக் கொண்டுவந்து நடுமேசையில் வைத்தான். ரோல்ஸ், கட்லட், பற்றிஸ், மீன் பணிஸ். விரும்பியதை எடுக்கலாம், போகும்போது மிச்சத்தை எண்ணிக் கணக்குப் போடுவான். மாமா தட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இதுதான் ரங்கநாதன் சொன்னது!"

பூட்டிய அலுமாரியில் வைக்காதே, வாசகன் கை நீட்டி எடுக்கிற மாதிரித் திறந்து வை என்பது ரங்கநாதனின் கட்சி. தட்டில் இருப்பது தின்பதற்கு, முதலாம் விதி. மாமிக்குப் பணிஸ், மச்சானுக்கு ரோல்ஸ்; இரண்டாம் விதி. ஒருவரும் தொடாமல் கிடந்த பற்றிஸைக் கடைசியில் என் மகள் எடுத்தாள், மூன்றாம் விதி. ஓடர் கொடுத்துக் காத்திருக்கும் வேலை இல்லை, நான்காம் விதி. தட்டுக் குறையக் குறையப் பையன் நிரப்பிக்கொண்டே இருந்தான், ஐந்தாம் விதி. மச்சான் ஒரு கட்லட்டை அமத்திப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான். அப்படிப் புரட்டிவிட்டு வைக்கிற வாசகன் எல்லா நூலகத்திலும் இருப்பான் என்றார் மாமா. காலையில் கிசுகிசுத்தபோது ஒருவர் தலையிலும் ஏறாத பாடம், வாய் நிறைய ரோல்ஸோடு எல்லோருக்கும் விளங்கியது.

என் மகள்தான் கேட்டாள், நம்மட ஊர் லைப்ரரியும் இப்படித் திறந்திருக்குமா என்று. எங்கள் பக்கத்தில் இரவு பத்து மணிக்கும் மெயின் வீதியில் கொத்து அடிக்கிற சத்தம் கேட்கும், கடைக்குள் இடம் கிடைக்காமல் பொடியன்கள் வாசலில் நிற்பார்கள். வாசிகசாலைகள் பொழுதோடு பூட்டிவிடும். பொறுப்பில் உள்ளவர்களுக்கு மாமா சார்பில் ஒரு விண்ணப்பம்: கொத்துக் கடை பூட்டுமட்டும் வாசிகசாலையையும் திறந்து வையுங்கள். பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கும் இடம் கொடுங்கள். சனம் வரும், அதற்கு நான் பொறுப்பு.