யாருடைய விருப்பம்?

டெல்லி முனிர்கா சந்து டீக்கடையில் ஊர்க்காரத் தம்பி சொன்னான்: "எட்டு மணி நேர வேலையை நாலாக்கிட்டாங்கண்ணே. சம்பளமும் பாதியாச்சு. போங்கடான்னு எழுதிக் கொடுத்துட்டேன். வேலை போனா கவர்ன்மென்ட் காசு தருமாமே?"

தரும். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் அதற்கு அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா என்று பெயர். தடுமாறாமல் உச்சரிக்கும் தமிழனுக்கு அதற்கே தனியாக ஏதாவது கொடுக்கலாம். 2018 ஜூலை 1-இல் சோதனை முயற்சியாகப் பிறந்து, முனிர்கா வாடகை ஒப்பந்தம் மாதிரி நீட்டிப்பு மேல் நீட்டிப்பாக ஓடிய திட்டம். சராசரிச் சம்பளத்தில் 25 சதவீதம் என்றிருந்ததை 2020-இல் 50 ஆக்கினார்கள். ஆயுளுக்கும் மொத்தம் 90 நாள்தான். அதற்கும் முதலில் 30 நாள் சும்மா இருந்து காட்ட வேண்டும்.

ஒழுங்கீனத்துக்காக வெளியேற்றப்பட்டவருக்கும், விருப்ப ஓய்வில் போனவருக்கும் கிடையாது. முதலாளி நேரத்தைக் குறைத்தால் அது நிர்வாகம். நாம் செருப்பை மாட்டினால் அது விருப்பம். சரி, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால்? கணக்கு சராசரியில் ஓடுகிறது. பாதிச் சம்பளத்தில் கழித்த மாதங்கள் அதையும் சேர்த்துக் கீழே இழுக்கும்.

இவ்வளவையும் விளக்கிவிட்டுத்தான், முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்: பழைய சம்பளம் எவ்வளவு?

"இருபத்திரண்டாயிரம்ண்ணே," என்றான் பெருமையாக.

இ.எஸ்.ஐ.யில் சேருவதற்கான சம்பள வரம்பு 2017 முதல் 21,000 ரூபாய். டீக்கு நானே காசு கொடுத்தேன்.