தொடரும் போட்ட தத்துவஞானி

வாரப் பத்திரிகைத் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு, 'தொடரும்' என்று போட்டுவிட்டு எழுத்தாளர் காணாமல் போவது பழகிய விஷயம்தான். அந்தக் கலையில் உலகச் சாம்பியன் என்று ஒருவரைச் சொல்லலாம் என்றால், அவர் பிரான்சின் ழான் பால் சார்த்தர்.

1905இல் பாரிசில் பிறந்தவர். தத்துவ ஆசிரியர் தகுதித் தேர்வை 1928இல் எழுதினார், பெயில். மறுவருடம் முதலிடம். இரண்டாமிடம் சிமோன் த பொவாருக்கு. அம்மையாருக்கு வயது 21, அதுதான் முதல் தடவை. யார் கெட்டிக்காரர் என்பதை வாசகர்களே தீர்ப்பு சொல்லிக்கொள்ளட்டும். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளாமலே ஆயுள் முழுக்க ஜோடியாக இருந்தார்கள்.

கற்பனை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டு, 1935இல் ஒரு டாக்டர் நண்பரிடம் மெஸ்கலின் ஊசி போட்டுக்கொண்டார். கற்பனை அமோகமாக வேலை செய்தது. அதன்பின் கொஞ்ச காலம் போகிற இடமெல்லாம் நண்டுகள் பின்னாலேயே வந்தன. அவற்றுக்குக் காலை வணக்கம் சொல்லியும், வகுப்பில் சத்தம் போடாதீர்கள் என்று அதட்டியும் சமாளித்ததாகப் பிற்பாடு அவரே சொன்னார்.

முதல் நாவலுக்கு 'மெலன்கோலியா' என்று பெயர் வைத்தார். முதலில் திருப்பி அனுப்பிய பதிப்பகம், பிறகு மனம் மாறி, தலைப்பையும் மாற்றி, 1938இல் 'குமட்டல்' என்று வெளியிட்டது. பூங்காவில் மரத்தின் வேரைப் பார்த்துக் கதாநாயகனுக்குக் குமட்டுகிறது. மசக்கை இல்லை, இருத்தலியல்.

இதுவரை சரி. 1943இல் 'இருத்தலும் இன்மையும்' என்ற தத்துவ நூல் வந்தது, 722 பக்கம். 'அறம் பற்றி அடுத்த நூலில்' என்று கடைசியில் வாக்குக் கொடுத்தார். அந்த நூலை அவர் வெளியிடவே இல்லை. குறிப்புகள் மட்டும், ஆள் போய்ச் சேர்ந்த பிறகு, 1983இல் வந்தன.

'சுதந்திரத்தின் பாதைகள்' நான்கு பாக நாவல் என்றார். மூன்று வந்தன. மூன்றாவதில் நாயகன் மத்தியூ மாதாகோயில் மணிக்கூண்டில் ஏறி ஜெர்மானியரைச் சுடுகிறான். செத்தான் என்றே வாசகர்கள் நினைத்தார்கள். நான்காவதில் அவனை உயிரோடு கொண்டுவரத் திட்டம். தன் சொந்தப் பத்திரிகையில் 1949இல் கொஞ்சம் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மார்க்சியத்தையும் இருத்தலியலையும் சேர்த்துவைக்க, ஊக்க மாத்திரையை மென்று மென்று எழுதிய பெரும் நூலின் முதல் பாகம் 1960இல் வந்தது. இரண்டாம் பாகம் அரைகுறையாக 1985இல். சுயசரிதையான 'சொற்கள்' பத்து வயதோடு நின்றுவிட்டது. நாவலாசிரியர் ஃப்ளாபேரைப் பற்றி மூன்று தடித்த பாகங்கள் எழுதினார். 'மதாம் பொவாரி'யைப் பேசவேண்டிய நான்காவது வருவதற்குள், 1973இல் பார்வை போய்விட்டது.

ஒரே ஒரு காரியத்தைச் சுத்தமாக முடித்தார். 1964இல் நோபல் பரிசு வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும், வேண்டாம் என்று முன்கூட்டியே கடிதம் போட்டார். கடிதம் உரிய நேரத்தில் உரியவர் கைக்குப் போகவில்லை, பரிசை அறிவித்துவிட்டார்கள். சார்த்தர் அசரவில்லை. எழுத்தாளன் தன்னை ஒரு நிறுவனமாக்கிவிட இடம் கொடுக்கக்கூடாது என்று சொல்லி, பணத்தையும் சேர்த்தே மறுத்தார். 1980இல் இறந்தபோது சவ ஊர்வலத்தில் சுமார் 50,000 பேர் நடந்தார்கள். அத்தனை பேரும் எல்லாப் பாகங்களையும் படித்தவர்கள் என்று சத்தியம் செய்ய முடியாது.

மனிதன் சாகிறவரை முடிவு பெறாதவன் என்பது அவர் போதித்த தத்துவம். சொன்னபடி வாழவில்லை என்ற புகார் எல்லாத் தத்துவஞானிகள் மேலும் உண்டு. சார்த்தர் மேல் மட்டும் அதைப் போட முடியாது.