ஒத்தையாப் பாடப் போறியாமே?

என்னா பேராண்டி, இறம்பொடை பசார் பூரா ஒரே பேச்சாக் கெடக்கு? பேண்ட வுட்டுட்டு ஒத்தையா ஆல்பம் போடப் போறியாமே? பாட்டு இன்னும் வரல்ல, போஸ்டர் மட்டும் வந்திருச்சி. அதுல நீ முதுகக் காட்டிக்கிட்டுப் பனிக்குள்ள நிக்கிற. மூஞ்சியக் காட்டாதவனுக்கு எதுக்குடா அம்புட்டுப் பெரிய பேரு?

இது ஒனக்கு மட்டும் வந்த சீக்கில்ல. அமெரிக்காவுல கிஸ்ஸுன்னு ஒரு ராக் கூட்டம். மூஞ்சியில சாயம் பூசிக்கிட்டு மேடையேறுவானுக. அதுல ஒருத்தன் நெருப்பு கக்குவான். 1978 செப்டம்பர் 18ஆந் தேதி நாலு பேரும் ஆளுக்கொரு தனி ஆல்பம் போட்டானுக. நாலும் ஒரே நாள்ல! தனியாப் போறதுக்கும் சேந்துதான் போகணுமா? அட்டையில ஆளுக்கொரு மூஞ்சி. கிஸ்ஸுங்கிற பேரு மட்டும் நாலுலயும் இருக்கு. பேர வுட்டுட்டுப் போக யாருக்கு மனசு வரும்?

பீட்டில்ஸ்காரரு பால் மெக்கார்ட்னி 1970 ஏப்ரல்ல எல்லா வாத்தியத்தையும் தானே வாசிச்சி ஒண்ணு போட்டாரு. கெட்டிக்காரருதான். பின்பாட்டுக்கு? சம்சாரம் லிண்டாவக் கூப்பிட்டுக்கிட்டாரு.

ஜார்ஜ் ஹாரிசன் கத வேற, நின்னு கேளு. பீட்டில்ஸ்ல லெனனும் மெக்கார்ட்னியும் பாட்டெழுதித் தள்ளுவாங்க. இவருக்கு ஒரு ரெக்கார்டுல பெரும்பாலும் ஒண்ணோ ரெண்டோதான் எடம். எழுதுனதெல்லாம் வருசக்கணக்கா குமிஞ்சி போச்சி. பேண்டு ஒடஞ்ச அதே 1970ல, நவம்பர்ல கொட்டுனாரு பாரு, மூணு ரெக்கார்டு! அமெரிக்காவுல மொத எடம். அதுல ட்ரம் அடிச்சவங்கள்ல ஒருத்தரு யாரு? பழைய கூட்டாளி ரிங்கோ. கிட்டார்ல எரிக் கிளாப்டன். மூணாவது ரெக்கார்டு பூரா கூட்டாளிகளோட சும்மா வாசிச்சது. தனி ஆல்பமாம், பெரட்டுக்களத்துல நிக்கிற மாதிரி ஆளு!

நம்ம பக்கம் வா. மெட்ராசுல 2018 ஜனவரியில தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறுச்சி. கானா, ராப், ராக்குன்னு எல்லாம் கலந்த கூட்டம். அதுல ராப் பாடுன அறிவு 2024ல தனி ஆல்பம் போட்டாரு. பேரு 'வள்ளியம்மா பேராண்டி'. வள்ளியம்மா யாருங்கிற? இந்த இலங்கைத் தோட்டத்துல வேல செஞ்சிட்டு அங்கிட்டுப் போன அவரு பாட்டி. 1964ல சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல 5,25,000 பேர இந்தியாவுக்கு அனுப்புறதுன்னு கையெழுத்துப் போட்டாங்களே, நம்ம லயத்துல யாரு யாரு மூட்ட கட்டுனாங்கன்னு ஒங்க அப்பத்தாவக் கேட்டிருக்கியா? ஒத்தையாப் போனவன் பாட்டி பேரத் தூக்கிக்கிட்டுப் போயிருக்கான். நீ பனியத் தூக்கிக்கிட்டுப் போற.

மாசியில காமன் கூத்துல ரதி பொலம்புறாளே, அது ஒத்தப் பொம்பள அழுகதான். அதுக்கே தப்படிக்க ஆளு வேணும், பாட்டெடுத்துக் குடுக்க ஆளு வேணும். வெளங்குதா?

சரி, பேண்டுக்காரப் பயலுக எடமில்லன்னு தள்ளுன பாட்டு ஒங்கிட்ட எத்தன கெடக்கு? ஒண்ணே ஒண்ணா? அதையும் இன்னும் முடிக்கல்லியா? அப்ப ட்ரம் அடிக்கிற பொடியனுக்கு இன்னிக்கே போன் போடு. கோவத்துல இருப்பான். தேத்தண்ணி நீயே வாங்கிக் குடு.