கேள்வி பதில்: மலிவு விலை டீ

கேள்வி: டீக்கு வரி போட்டதற்கா அமெரிக்கர்கள் புரட்சி வரை போனார்கள்? விலை ஏறினால் நாம் முணுமுணுத்துவிட்டுக் குடித்துவிடுகிறோமே!
- ஒரு வாசகர், தென்காசி

பதில்: விலை ஏறியிருந்தால்கூடப் பரவாயில்லை சார், இறங்கியது! கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் கிடங்குகளில் சீனத் தேயிலை மலையாகத் தேங்கிக் கம்பெனியே திவாலாகும் நிலை. அதைக் கைதூக்கிவிட பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1773-இல் சட்டம் போட்டது: கம்பெனி அமெரிக்காவுக்கு நேரடியாக டீ அனுப்பலாம், சலுகை உண்டு. ஆனால் ராத்தலுக்கு 3 பென்ஸ் என்ற பழைய வரி மட்டும் அப்படியே நிற்கும். 1765-இல் சீட்டுக்கட்டுக்கும் தாயக்கட்டைக்கும்கூட ஸ்டாம்ப் வரி கேட்டு, மறு வருஷமே வாபஸ் வாங்கிய அதே சபைதான். "எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லாத சபைக்கு நாங்கள் ஏன் வரி கட்டணும்?" என்பது அமெரிக்கர்களின் வாதம். டச்சு டீயைக் கடத்தி விற்றவர்களுக்கும் திடீரென்று சுதந்திர தாகம் எடுத்தது தனிக்கதை!

டிசம்பர் 16 இரவு. மோஹாக் பழங்குடியினர் போல வேஷம் கட்டி பாஸ்டனில் 3 கப்பல்களில் ஏறியவர்கள், 342 பெட்டி டீயைக் கடலில் கொட்டினார்கள். நடுவே கோட்டுப் பைக்குள் டீயைத் திணித்துக்கொண்ட ஒரு ஆசாமியைப் பிடித்து உதைத்தும் அனுப்பினார்கள். நஷ்ட ஈடு வரும்வரை துறைமுகத்துக்கே பூட்டு என்றது லண்டன். 1775-இல் துப்பாக்கி வெடித்துவிட்டது. டீக்கான பில் இன்னும் பாக்கி.