அடினியத்துக்கு என்ன அவசரம்?

கேள்வி: மொட்டைமாடியில் அடினியம் வைத்திருக்கிறேன். தினமும் தண்ணீர் ஊற்றியும் உயரவே மாட்டேன் என்கிறதே, ஏன்?
— ஒரு வாசகர், பொன்னமராவதி

பதில்: தினமும் தண்ணீரா? அது இன்னும் உயிரோடு இருப்பதே அதிசயம்!

அடினியத்தின் பூர்வீகம் சஹாராவுக்குத் தெற்கேயுள்ள வறண்ட ஆப்பிரிக்காவும் அரேபியாவும். கிடைத்த தண்ணீரை அடித்தண்டில் பதுக்கிக்கொண்டு ஆற அமர வளரும் ஜாதி. அந்தப் பருத்த அடிதான் அதன் அழகு. உயரம் வேண்டுமென்றால் முருங்கை வைக்கலாம், சாம்பாருக்கும் ஆகும். விதையிலிருந்து வந்த செடிக்குத்தான் அடி நன்றாகப் பருக்கும். குச்சி நட்டு வளர்த்ததற்கு அவ்வளவு வராது.

பொன்னமராவதி வெயில் அதற்குப் பிடித்தமானது. ஆளைக் கொல்வது ஈரம்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிட வேண்டும். ஆற்றுமணல் விற்கிற விலைக்கு உடைத்த செங்கல் ஜல்லியை மண்ணில் தாராளமாகக் கலந்தாலே போதும், தண்ணீர் தேங்காது. விரலை உள்ளே விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

அடியை அமுக்கினால் கெட்டியாக இருக்க வேண்டும். கொழகொழத்தால் அழுகல்: அந்தப் பகுதியை வெட்டியெறிந்து, நிழலில் சில நாள் உலரவிட்டுப் புது மண்ணில் நடலாம்.

வெட்டியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அரளி குடும்பத்துச் செடி இது. ஆப்பிரிக்க வேட்டைக்காரர்கள் இதன் சாற்றைத்தான் அம்பு முனையில் தடவினார்கள்.