கிராபிக்ஸ் கார்டின் பவர் கனெக்டரைக் கழற்றுதல்: தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

தேர் இழுக்க நம்மிடம் முறை உண்டு, முகூர்த்தம் உண்டு, நாதஸ்வரம்கூட உண்டு. கிராபிக்ஸ் கார்டில் இறுகிப்போன பவர் கனெக்டரை இழுப்பதற்கு மட்டும் யாரும் முறை வகுத்து வைக்கவில்லை. அக்குறை நீக்கவே இச்சிறு முயற்சி.

இது காசுள்ள பிள்ளைகளின் விளையாட்டு விவகாரம் என்பாரும் உளர். அது பொருந்தாது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. அன்று பட்டவர்கள் ஐப்பசி பிறந்ததும் ஃபிரிட்ஜுக்கு அடியில் செங்கல் வைக்கிறார்கள். சிபியு பெட்டியை மாடிக்கு ஏற்றுகிறார்கள். பெரிய கார்டுகள் 2 கிலோவைத் தாண்டும். அந்த எடையைத் தொங்கவிட்டபடி பெட்டியைத் தூக்கிப் படியேறினால் மதர்போர்டின் ஸ்லாட்டுக்கு ஆபத்து. ஆகவே கார்டைக் கழற்ற வேண்டும். கார்டு வர வேண்டுமானால் முதலில் கனெக்டர் வர வேண்டும். கனெக்டரோ வராது. ஆய்வுச் சிக்கல் இதுவே.

2. ஆய்வுக் களம்

கடற்கரை முதல் தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். அன்று கம்பியில் 1,500 வோல்ட். இன்று 25,000 வோல்ட். அதன் அடியில் நின்று சாவகாசமாகச் சுண்டல் தின்னும் மக்கள், வெறும் 12 வோல்ட் கனெக்டர் முன்னால் கைநடுங்குவது ஏன்? அச்சத்துக்குக் காரணம் மின்னழுத்தம் அன்று, மாதத் தவணை என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

3. பிறர் கொள்கைகளும் மறுப்பும்

முதலாவது, வன்பிடிக் கொள்கை. இதன் ஆசிரியர் பெரும்பாலும் பக்கத்து வீட்டு மாமா. "தள்ளிக்கோ தம்பி, நான் பாத்துக்கறேன்" என்று வந்து ஒயர்களைக் கொத்தாகப் பிடிப்பார். மறுப்பு: ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் ஓர் உலோக டெர்மினல் இருக்கிறது. பிளாஸ்டிக் கூட்டுக்குள் அதை நிறுத்தி வைத்திருப்பவை மிகச் சிறிய உலோக நாக்குகள். ஒயரை இழுத்தால் டெர்மினல் பின்வாங்கும்; பார்வைக்கு ஒன்றும் தெரியாது. மறுபடி செருகும்போது அந்த ஒரு பின் மட்டும் பட்டும் படாமலும் நிற்கும். அங்கே மின்தடை கூடும், சூடேறும். மாமா அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார்.

இரண்டாவது, ஆட்டல் கொள்கை. பழைய 8 பின் ரகத்தில், கிளிப்பை அமுக்கிக்கொண்டு நீளவாக்கில் லேசாக அசைத்தால் ஓரளவு பலன் உண்டு. 2022இல் புழக்கத்துக்கு வந்த 16 பின் ரகத்தில் கூடாது. பின்களுக்கு இடைவெளி பழையதில் 4.2 மில்லிமீட்டர், புதியதில் 3 தான். எல்லாமே நுணுக்கம், ஆட்டத்தைத் தாங்காது.

மூன்றாவது, ஆயுதக் கொள்கை. டெஸ்டரால் நெம்பலாம், கட்டிங் பிளேயரால் கவ்வலாம் என்பர். டெஸ்டர் வழுக்கினால் போர்டில் கோடு விழும். பிளேயர் கூட்டை நசுக்கும். இரண்டும் பரணிலேயே இருக்கட்டும்.

4. உடற்கூறு

8 பின் கனெக்டர் 150 வாட் தரும். மூன்று 12 வோல்ட் ஒயர்களில் தலைக்கு 4 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே. 16 பின் ரகம் 600 வாட் வரை, அதாவது 50 ஆம்பியர். ஆறு பின்களில் தலைக்கு 8க்கும் மேல். இவ்வளவு மின்சாரம் போகும் இடத்தில் டெர்மினல் பின்னை இறுக்கிப் பிடிக்காவிட்டால்தான் தப்பு.

ஆனால் கனெக்டர் வராததற்கு இந்த இறுக்கம் பாதிக் காரணமே. மீதி, மேலே இருக்கும் கிளிப். அதன் கொக்கி சாக்கெட்டில் உள்ள சிறு மேட்டைத் தாண்டி விழுந்து பூட்டிக்கொள்கிறது. வெளியே இழுக்க இழுக்கக் கொக்கி அந்த மேட்டில் இன்னும் அழுந்தும். மாமா போடும் பலமெல்லாம் பூட்டுக்கே பலமாகப் போய்ச் சேர்கிறது. மழைக்காலத்தில் உப்பிய கதவின் தாழ்ப்பாளும் இப்படித்தான்: கதவைத் தோளால் ஒரு தள்ளுத் தள்ளினால்தான் தாழ்ப்பாள் நகரும். சேலையூரிலிருந்து பெருங்களத்தூர் வரை எல்லா வீட்டிலும் இந்த அறிவு உண்டு. கம்ப்யூட்டர் மேசைக்கு வந்ததும் மறந்துவிடுகிறது.

5. நெறிமுறை

மேற்குத் தாம்பரத்தில் ஒரு சர்வீஸ் கடைப் பையன், பிரஷ்ஷால் தூசி தட்டிக்கொண்டே இக்கட்டுரையின் சாரத்தைச் சொன்னான்: "சார், இழுக்காதீங்க. மொதல்ல உள்ள தள்ளுங்க."

விரித்தால் வருமாறு. கம்ப்யூட்டரை நிறுத்தி, எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து, சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்குக. பவர் பட்டனைச் சில விநாடி அமுக்கினால் உள்ளே தங்கிய மின்சாரம் வடியும். கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுக்கொள்க. பெட்டியைப் படுக்க வைத்தால் கார்டு தொங்காமல் நிமிர்ந்து நிற்கும். இடது கையால் கார்டின் விளிம்பைத் தாங்கிக்கொண்டு, கனெக்டரின் பிளாஸ்டிக் உடம்பைப் பிடித்து லேசாக உள்ளே தள்ளுக. கொக்கி தளரும். அப்போதே கிளிப்பை அமுக்குக. கொக்கி இருக்கும் தலைப்பக்கத்தை அன்று, ஒயர் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வாலை. வால் அமுங்கினால் தலை தூக்கும். அமுக்கியபடியே நேராக இழுக்க, வந்துவிடும். 6+2 ரகத்தில் இரு துண்டுகளையும் சேர்த்துப் பிடிக்க மறவற்க.

சில கார்டுகளில் கிளிப் ஹீட்சிங்க் பக்கம் திரும்பியிருக்கும், விரல் போகாது. அங்கே பிளாஸ்டிக் குச்சியால் வாலை அமுக்கலாம். அதற்கும் விரலுக்கும் விதி ஒன்றே.

6. முடிவுகள்

ஒன்று: இவ்வகைக் கனெக்டர்களுக்குச் சொல்லப்படும் ஆயுள் சுமார் 30 முறை செருகிக் கழற்றுதல். மழைக்காலத்துக்கு ஒருமுறை என்றால் 30 வருஷம் வரும். அதற்குள் கார்டு கொலுவில் வைக்கும் பதத்துக்கு வந்திருக்கும். வாராவாரம் கழற்றித் தூசி தட்டும் சுத்தக்காரர்கள் மட்டும் கணக்கு வைத்துக்கொள்க.

இரண்டு: இறுக்கம் குற்றமன்று. 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் 16 பின் கனெக்டர்கள் உருகியதாகப் புகார் வந்தபோது, முழுதாகச் செருகாததே பொதுக் காரணம் என்று என்விடியா சொன்னது. மறு வருஷம் திருத்திய வடிவத்தில் உணர் பின்களைக் குட்டையாக்கினார்கள். அதனால் அவ்வடிவத்தில் கனெக்டர் சரியாக உட்காராவிட்டால் கார்டுக்கு மின்சாரமே கிடைக்காது. ஆக, கிளிப்பைத் தொடாமலே ஒரு கனெக்டர் கையோடு வந்துவிட்டால், மகிழ்ச்சியை ஒத்திவைத்துவிட்டு அதன் பின்களில் கருகல் இருக்கிறதா என்று பார்ப்பதே அறிவுடைமை.

மூன்று: கனெக்டர் வந்த பிறகும் கார்டு வராது. ஸ்லாட்டின் கடைசியில் இன்னொரு பூட்டு, பார்வைக்கு எட்டாத இடத்தில், இருக்கிறது. அது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அதுவும் திறக்கும்வரை மாமாவை உள்ளே விடாதிருத்தல் நலம்.