மாப்பிள்ளைக்குப் பின்னால் நிற்கும் பஸ்

அடுத்தவர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை ஆசையாகக் கேட்டு வாங்கிப் பார்க்கும் மனிதன் இந்தப் பேராக் மாநிலத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பொண்ணு மாப்பிள்ளையை நான் பார்ப்பதில்லை. 1950, 60களில் சுங்கை சிப்புட், செம்மோர், பத்துகாஜா பக்கத் தோட்டங்களில் நடந்த கல்யாணம் என்றால், பெண் வீட்டார் வந்து இறங்கிய பஸ் படத்தின் ஓரத்தில் எங்காவது நிற்கும். பாதி மட்கார்டு, ஒரு முன்விளக்கு, யோகம் இருந்தால் நம்பர் பிளேட்டில் இரண்டு இலக்கம். இதற்காக முன்பின் தெரியாதவர் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த மைலோவைக் குடித்துக்கொண்டே, "இந்தப் பெரியப்பா கொஞ்சம் தள்ளி நின்னிருக்கலாம்" என்று பெருமூச்சு விடுவேன். பெரியப்பா காலமாகி இருபது வருடம் ஆகியிருக்கும். வீட்டுக்காரர்கள் நான் அவருக்காக வருந்துகிறேன் என்று நினைத்து இன்னொரு கப் மைலோ கொண்டுவருவார்கள்.

பஸ்ஸை யாரும் படம் எடுக்கவில்லை என்பதுதான் சங்கடம். அந்தக் காலத்தில் தோட்டத்தில் கேமரா வைத்திருந்தவர் கிராணி. ஃபிலிம் சுருளில் எட்டோ பன்னிரண்டோ படம்தான். அதில் ஒன்றைப் பஸ்ஸுக்குச் செலவு செய்ய அவருக்கு என்ன பைத்தியமா?

பைத்தியம் மற்ற ஊர்களில் மரியாதையாகவே நடக்கிறது. லண்டனில் ரூட்மாஸ்டர் மாடி பஸ் 159-ஆம் எண் தடத்தில் கடைசியாக ஓடிய 2005 டிசம்பர் 9 அன்று, கேமராவும் கையுமாகக் கூடிய கூட்டம் ரோட்டை அடைத்தது. மும்பையில் 1937 முதல் ஓடிய மாடி பஸ்களில் கடைசி டீசல் வண்டிக்கு 2023 செப்டம்பர் 15 அன்று அலங்காரம் செய்து, ஆட்டம் பாட்டத்தோடு வழியனுப்பினார்கள். கொழும்பில் 1958-இல் தொடங்கிய போக்குவரத்துச் சபை, லண்டன் கழித்துவிட்ட மாடி பஸ்களை வாங்கி ஓட்டியது. சென்னையில் பிராட்வேயிலிருந்து தாம்பரத்துக்கு 18ஏ மாடி பஸ்ஸில் முன் சீட்டைப் பிடித்தவர்கள், பேரன் பேத்தி எடுத்த பிறகும் அதைப் பதவி உயர்வுபோலச் சொல்லிக்கொள்கிறார்கள்.

எனக்கு வாய்த்தது ஈப்போ. எங்கள் தோட்டங்களுக்கு வந்தவை ஒற்றை மாடி. இங்கிலாந்திலிருந்து இஞ்சினும் சேஸியும் வரும். உடம்பை இங்கே ஆசாரிகள் பலகையில் கட்டி ஏற்றுவார்கள். கூரையில் சைக்கிள், கோழிக்கூடை, அரிசி மூட்டை. மாடி பஸ் வந்திருந்தாலும் செம்மண் ரோட்டில் இரண்டு பக்கமும் சாய்ந்து நின்ற பால் மரக் கிளைகள் மேல்தட்டுப் பயணிகளை ஒவ்வொருவராக இறக்கிவிட்டிருக்கும், டிக்கெட் தீர்வதற்கு முன்பே.

இப்போது மேரு ராயாவில் இருக்கும் அமான்ஜெயா நிலையத்தில் எக்ஸ்பிரஸ் மாடி பஸ்கள் வந்து நிற்கின்றன. திரைச்சீலை, ஏர்கோண்ட், போன் சார்ஜ் செய்ய ஓட்டை, சாய்ந்தால் எழ மனம் வராத சீட்டு. இவற்றை நான் படம் எடுப்பதில்லை. நாற்பது வருடம் கழித்து எவனாவது ஒருவன் யார் வீட்டிலாவது மைலோ குடித்துக்கொண்டு தேடட்டும்.

பேராக்காரர்கள் பழசைக் காப்பாற்றத் தெரியாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. கட்டடக் கலைஞர் ஹப்பக் வடிவமைத்து 1917-இல் திறந்த ஈப்போ ரயில் நிலையத்தின் முன்னால் இன்றும் புதுமணத் தம்பதிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1877-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்று கோலகங்சாரில் மரமாகி, வேலியும் பெயர்ப்பலகையுமாகக் கௌரவமாக நிற்கிறது. தஞ்சோங் துவாலாங் ஈயக் கப்பலைக் கேட்கவே வேண்டாம். 1938-இல் கட்டி, 1982 வரை மண்ணைத் தோண்டிய அந்த 4,500 டன் இரும்பை அப்படியே நிறுத்தி டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். 4,500 டன்னைக் காப்பாற்றிய ஊருக்கு ஐந்தாறு டன் பலகை பஸ் ஒன்று கைநழுவிப் போனது எப்படி என்று ஒரு முறை வீட்டில் புலம்பினேன். "கப்பலைத் தூக்கிட்டுப் போய்ப் பழைய இரும்புக் கடையில போட முடியாதுல்ல, அதான்" என்றாள் மனைவி. அருங்காட்சியகத் துறை பற்றி இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

பஸ்ஸின் கதி அதுதான். சேஸி பழைய இரும்புக் கடைக்கு. இஞ்சின் எங்காவது தண்ணீர் இறைக்க. பலகை உடம்பு கரையானுக்கு. கரையானுக்கு முன்னால் கோழிகளுக்கு.

கோழிகள் என்று சொன்னது வெறும் பேச்சல்ல. சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு பழைய தோட்டத்தில், லயத்துக்குப் பின்னால் பஸ் உடம்பு ஒன்று கிடப்பதாகத் துப்பு கிடைத்துப் போனேன். இருந்தது. சக்கரம் இல்லை, முகம் இல்லை, பின்பாதியில் கம்பி வலை. நகத்தால் சுரண்டிப் பார்த்தால் பச்சைப் பெயிண்டுக்கு அடியில் சிவப்பு, சிவப்புக்கு அடியில் மஞ்சள். மூன்று முதலாளிகளிடம் உழைத்த உடம்பு. மணி அடிக்கும் கயிறு போன வளையங்கள் கூரையோரம் வரிசையாக அப்படியே இருந்தன. டிரைவர் சீட்டின் இரும்புச் சட்டத்தில் ஒரு கறுப்புக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பஸ் படம் எடுப்பவர்களுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு: வெயில் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், வண்டியின் முன்முகமும் ஒரு பக்கமும் சேர்ந்து விழ வேண்டும், ஆள் நடமாட்டம் கூடாது. முன்முகமே இல்லாத வண்டிக்கு எந்தப் பக்கம் முக்கால் முகம் என்று நான் சுற்றிச் சுற்றி வந்தபோது ஓர் அம்மா பின்வாசலில் வந்து நின்றார்.

"யாருங்க? ஆபீஸ்ல இருந்தா?"

"இல்லீங்கம்மா. பஸ்ஸைப் படம் எடுக்க வந்தேன்."

"எந்த பஸ்ஸு?"

"இதோ, இது."

"அது கோழிக்கூண்டு."

வாக்குவாதம் செய்யும் நிலையில் நான் இல்லை. கோழியும் அவர் கட்சி. ஆனால் அந்த அம்மாவின் கண் என் கேமராவை விட்டு நகரவில்லை. "போன தடவ இப்படித்தான் ஒருத்தர் வந்து, சும்மா பாக்க வந்தேன்னு படம் புடிச்சிட்டுப் போனாரு. மறு மாசம் வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிட்டாங்க" என்றார். கைமாறிய தோட்டங்களில் கேமராவுக்கு இதுதான் அர்த்தம். பழைய பலகையை ரசிக்க ஒருவன் அறுபது கிலோமீட்டர் பெட்ரோல் செலவழித்து வருவான் என்பதை யார் நம்புவார்கள்? நான் எடுத்த படங்களைக் காட்டினேன். எல்லாவற்றிலும் பலகை, ஆணி, துரு. வீடு ஒன்றில்கூட இல்லை. அவர் முகத்தில் சந்தேகம் போய்ப் பரிதாபம் வந்தது.

"மாடி வெச்ச பஸ்ஸு வேணுமா? எங்க மாமியார்கிட்ட ஒண்ணு இருக்கு."

பிஸ்கட் டின் வந்தது. பின்னாலேயே மாமியாரும் வந்தார், எண்பதைத் தாண்டிய பாட்டி. அவர் எடுத்து நீட்டிய படத்தின் பின்புறம் கிராணியின் எழுத்தில் 'பினாங்கு, தைப்பூசம் 1958' என்று இருந்தது. கல்யாணமான கையோடு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். புதுப்பெண், புது மாப்பிள்ளை. பின்னால், என் நெஞ்சு நின்றுவிட்டது, லண்டனில் ஓடி முடித்துப் பினாங்குக்கு வந்த மாடி டிராலி பஸ்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பினாங்கில் 1925 முதல் 1961 வரை டிராலி பஸ் ஓடியது. தண்டவாளம் கிடையாது, ரப்பர் டயர்தான். மேலே தெருவோடு போகும் இரண்டு மின்கம்பிகளை, பஸ்ஸின் கூரையிலிருந்து நீளும் இரண்டு கம்பங்கள் தொட்டுக்கொண்டு வரும். 1950களில் அந்த வரிசையில் லண்டன் மாடி வண்டிகள் சிலவும் சேர்ந்தன. என் ஆயுளில் நான் பார்த்திராத, இந்தப் பக்கம் மிச்சமே இல்லாத ஜாதி.

மாப்பிள்ளை அதை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு நின்றார். கம்பங்கள் இரண்டும் மிகத் துல்லியமாக அவர் தலையிலிருந்து முளைத்து வானத்துக்குப் போயின.

"ஏறிப் போனீங்களா பாட்டி?"

"போகாம? மேல்மாடில, முன்னாடி சீட்டு. ஒரு முக்குல திரும்பறப்ப மேல டப்புன்னு சத்தம், பஸ்ஸு நின்னு போச்சு. கம்பி கழண்டுகிச்சாம். கண்டெக்டர் கீழ எறங்கி நீளமா ஒரு மூங்கிலை எடுத்துக் குத்திக் குத்தி மாட்டுறான், எல்லாரும் வேடிக்கை. இவரு கீழ எறங்கி அவனுக்கு யோசனை சொல்லப் போயிட்டாரு. பஸ்ஸு கெளம்பிருச்சு."

"அப்புறம்?"

"ஓடி வந்தாரு. வேட்டியோட."

படத்தை நகல் எடுக்க அனுமதி கேட்டேன். பாட்டி ஒரு நிபந்தனை போட்டார். அறுபது வருடமாகப் பார்க்கிறவர்கள் எல்லாம் தாத்தாவுக்குக் கொம்பு முளைத்ததாகச் சிரிக்கிறார்களாம். கம்ப்யூட்டரில் அந்தக் கொம்பை எடுத்துவிட வேண்டும்.

டிராலி பஸ் படத்தில் கம்பத்தை எடுப்பதா! இரண்டு பிரதி போட்டேன். எனக்குக் கம்பத்தோடு ஒன்று. பாட்டிக்கு, கம்பத்தை மட்டும் எடுத்தால் வானத்தில் தழும்பு தெரிந்ததால், பின்னணி முழுவதையும் துடைத்து, ஸ்டூடியோவில் நிற்பதுபோல இளநீல வானம் வைத்து, சட்டம் போட்டு எடுத்துப் போனேன். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பஸ்ஸு எங்கய்யா?"

"நீங்கதானே பாட்டி எடுக்கச் சொன்னீங்க?"

"கொம்பைத்தான எடுக்கச் சொன்னேன்? காசு குடுத்து ஏறின பஸ்ஸை எவன் எடுக்கச் சொன்னான்? வேணும்னா அவரைக் கொஞ்சம் ஓரமா நிறுத்திட்டு பஸ்ஸை நல்லாத் தெரியற மாதிரி போட்டுக் கொண்டா."